கடைசி வரிசையின் குரல்

சென்ற வாரம் வங்கியில் பாஸ்புத்தகம் பதிவதற்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, காசாளர் கூண்டுக்குப் பின்புறமிருந்த சிறிய அறையொன்றின் கதவை யாரோ ஓர் இளைஞர் திறந்தார்; திறந்த கணத்திலேயே, குளிரூட்டிய காற்றும், சூடேறிய பிளாஸ்டிக்கும், யு.பி.எஸ். பாட்டரியும், நெடுநாள் துடைக்கப்படாத தூசியும் ஒன்றாய்க் கலந்த ஒரு வாசனை வந்து முகத்தில் மோதிற்று. மற்றவர்களுக்கு அது ஒரு பொருட்டாகப் பட்டிராது. எனக்கோ, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இரவெல்லாம் விழித்திருந்து வேலை பார்த்த வாலிப வருஷங்கள் அத்தனையும் அந்த வாசனையோடு சேர்ந்தே வந்துவிட்டன.

அமெரிக்காவில் பகல் தொடங்கும்போது நமக்கு இரவு தொடங்குகிறது என்ற பூகோள நியாயத்தின் பேரில், அந்நாளில் சென்னையில் புதியதோர் உத்தியோக வர்க்கமே உருவாகிக்கொண்டிருந்தது. தரமணியில் டைடல் பூங்கா 2000-இல் திறக்கப்பட்டிருந்தது. 2002 ஏப்ரலோடு வெளிநாட்டுத் தொலைபேசியில் விதேஷ் சஞ்சார் நிகமுக்கு இருந்த ஏகபோக உரிமை நீங்கிற்று. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே நேரான கடலடிக் கேபிள் ஒன்றும் அதே வருஷத்தில் வேலை செய்ய ஆரம்பித்தது. இவையெல்லாம் கூடிவந்ததன் பலனாக, விளக்கு வைக்கும் நேரத்தில் சுமோக்களும் குவாலிஸ்களும் தெருத்தெருவாக வந்து ஹாரன் அடித்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் காட்சி சகஜமாயிற்று. வயசுப் பெண் இரவு வேலைக்குப் போவதாவது என்று முதலில் முகம் சுளித்த தாய்மார்களே, நாளடைவில் டிபன் டப்பாவோடு வாசற்படியில் நின்று, டிரைவரிடம், "பாத்துக் கூட்டிட்டுப் போங்க தம்பி" என்று சொல்லி அனுப்பலானார்கள். விருத்தாசலத்திலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியிருந்த அந்தப் பிள்ளைகள், வீட்டில் வைத்த பெயரை வாசலில் விட்டுவிட்டு, காதில் ஹெட்செட்டை மாட்டியதும் ஓர் ஆங்கிலப் பெயரைத் தரித்துக்கொண்டு, கண்ணால் கண்டிராத ஒரு தேசத்து ஜனங்களின் கடன் அட்டைக் கணக்கையும் பழுதான பிரிண்டரையும் பொறுமையாகச் சரிசெய்து கொடுத்தார்கள்.

நான் நெட்வொர்க் பிரிவில் இருந்தேன். ஒஹையோவிலோ டெக்ஸாஸிலோ இருக்கும் ஒரு வீட்டம்மாள் பேசுகிற பேச்சு எங்கள் மூன்றாம் மாடிக்கு எப்படி வந்து சேருகிறது என்பது, அதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தீராத விஷயம். அங்கேயுள்ள ஓர் இயந்திரம் அந்தக் குரலை 20 மில்லி செகண்டு நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி, வினாடிக்கு 64 கிலோபிட்டாக இருந்த பேச்சை 8 கிலோபிட்டாகச் சுருக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் முகவரியும் வரிசை எண்ணும் எழுதி, வினாடிக்கு 50 பாக்கெட் வீதம் கடலுக்கு அடியில் அனுப்பும். சென்னையில் மற்றோர் இயந்திரம் அவற்றை வரிசைப்படுத்தி மறுபடியும் குரலாக்கும். இத்தனையும் முடிய ஒரு வழிக்கு 150 மில்லி செகண்டுக்கு மேல் ஆகாமலிருப்பது உத்தமம் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் பரிந்துரை. செயற்கைக்கோள் வழியே பேச்சை அனுப்பினால், 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்குவதற்கே கால் வினாடி கழிந்துவிடும். அவர் பேசி முடித்ததாக நினைத்து இவர் ஆரம்பிக்க, அதற்குள் அவர் அடுத்ததைப் பேச, இரண்டு பேச்சும் முட்டிக்கொள்ளும். நாங்கள் கேபிளை நம்பிப் பிழைத்ததற்குக் காரணம் அதுதான்.

எங்களுக்கெல்லாம் மூத்தவராக ஒருவர் இருந்தார். தொலைபேசி இலாகாவில் லைன்மேனாகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டு வந்தவர். அவர் மேஜையின் இழுப்பறையில் தொலைபேசிக் கம்பிகளை இணைக்கிற குரோன் கட்டையில் கம்பியைக் குத்துகிற கருவியும், கம்பத்தில் ஏறி லைனில் கொக்கியை மாட்டிப் பேசிப் பார்க்கிற பழைய டெஸ்ட் போனும், தாமே செய்துகொண்ட லூப் பிளக் ஒன்றும் எப்போதும் இருக்கும். அந்த லூப் பிளக் என்பது, அனுப்புகிற கம்பியையும் வாங்குகிற கம்பியையும் ஒன்றாக முறுக்கி முடிந்த சின்னஞ்சிறு துண்டு; அதைச் செருகினால், நாம் அனுப்புவது நமக்கே திரும்பி வரும். வந்துவிட்டால், அதுவரைக்கும் பழுதில்லை; அதற்கப்பால்தான் தேட வேண்டும். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய் அங்கே செருகிப் பார்ப்பார். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் பழுதை ஒரு முழ நீளத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திவிடுவதை அவரிடம் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

கணினியில் இருந்த கருவிகளும் இதே தத்துவத்தில் ஆனவைதாம். பிங் என்ற சிறிய நிரலை, அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சிக் கூடமொன்றில் வேலை பார்த்த மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் எழுதினார். தூரத்து இயந்திரத்தைப் பார்த்து இருக்கிறாயா என்று கேட்பதும், இருக்கிறேன் என்று பதில் வர எத்தனை நேரமாயிற்று என்று அளப்பதும்தான் அதன் வேலை. அவர் 2000-இல் ஒரு வாகன விபத்தில் இறந்துபோனார். அவர் எழுதியதோ உலகத்துக் கணினிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் இன்றும் இருக்கிறது. அதற்குச் சில வருஷங்கள் கழித்து வான் ஜேக்கப்ஸன் எழுதிய டிரேஸ்ரூட் இன்னும் நுட்பமானது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும், வழியில் அதை வாங்கி அடுத்த இடத்துக்கு அனுப்புகிற ரூட்டர்களில் இத்தனையைத் தாண்டலாம் என்று ஓர் ஆயுள் எண் உண்டு; தாண்டத் தாண்ட அது ஒவ்வொன்றாகக் குறைந்து, பூஜ்யமானதும் அந்த இடத்து ரூட்டர் பாக்கெட்டை எறிந்துவிட்டு அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். ஆயுள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வேண்டுமென்றே குறைவாகக் கொடுத்து அனுப்பினால், வழியிலுள்ள ரூட்டர்கள் தத்தம் முகவரியைத் தாமே தெரிவித்துவிடும். வழியில் சாகும் பாக்கெட்டுகளைக் கொண்டே வழியை அறிகிற இந்த யுக்தியை முதன்முதலாகப் புரிந்துகொண்ட இரவில், எனக்கு உறக்கமே வரவில்லை.

இனி, நான் சொல்ல வந்த சம்பவத்துக்கு வருகிறேன். எங்கள் ஃப்ளோரில் சாலையைப் பார்த்த ஜன்னலோரமாக இருந்த கடைசி வரிசையில், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களைத்தான் உட்காரவைப்பது வழக்கம். அந்த வரிசையின் குவாலிட்டி மதிப்பெண்கள் சில மாதங்களாகவே தாழ்ந்திருந்தன. பதிவுசெய்த உரையாடல்களை மறுநாள் பகலில் கேட்டு மதிப்பிடுகிறவர்கள், அந்த வரிசைக்காரர்களின் தாள்களில், 'வார்த்தைகளை விழுங்குகிறார்', 'உச்சரிப்பு தெளிவில்லை' என்று எழுதிக்கொண்டேயிருந்தார்கள். புதியவர்கள்தாமே, வெளியூர்ப் பிள்ளைகள்தாமே என்று எல்லோருக்கும் அது இயல்பாகவே பட்டது. அவர்களை இரண்டாம் தரம் உச்சரிப்புப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்; ஊக்கத்தொகையை நிறுத்தினார்கள்; இருவர் மனமுடைந்து ராஜினாமாவும் செய்துவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் இரவு, சாப்பாட்டு இடைவேளையில், அந்த வரிசையிலிருந்த ஒரு பெண் எங்கள் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் அந்த வாரத்து மதிப்பீட்டுத் தாள். "அண்ணா, நான் பேசறது அவங்களுக்கு விட்டு விட்டுத்தான் கேக்குதாம். ஹலோ ஹலோன்னுட்டே வச்சிடறாங்க. நான் நல்லாத்தான் பேசறேன். ஒரு தடவை பக்கத்துல உக்காந்து கேளுங்கண்ணா" என்றாள். அழுதிருந்தாள் என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் குரலில் கெஞ்சல் இல்லை.

எங்களில் ஒருவர் உடனே அவளுடைய போனுக்குப் பிங் அனுப்பிப் பார்த்தார். அனுப்பியதெல்லாம் ஒன்று தவறாமல் ஒரு மில்லி செகண்டுக்குள் திரும்பி வந்தது. சுவரில் மாட்டியிருந்த திரையில், லைனில் ஓடும் போக்குவரத்தின் அளவை வரைந்து காட்டுகிற எம்.ஆர்.டி.ஜி. வரைபடம் பச்சையாகவே இருந்தது. "லைன் சுத்தமா இருக்கு" என்றார் அவர். அப்போதுதான் எங்கள் பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "பிங் ஒழுங்கா வருதுன்னா, பிங் ஒழுங்கா வருதுன்னுதான் தம்பி அர்த்தம், பேச்சு ஒழுங்கா வருதுன்னு அர்த்தம் இல்ல. அந்தப் பொண்ணுகூடப் போயி முதல்ல காதால கேட்டுட்டு வா" என்று என்னை அனுப்பினார்.

பயிற்சியாளர்கள் உபயோகிக்கும் ஒய் கார்டு என்று ஒன்று உண்டு. ஒரே போனில் இரண்டு ஹெட்செட்டை மாட்டி, பக்கத்திலிருப்பவரும் கேட்கலாம். அதைச் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிர்முனைக் குரல் எப்போதாவது சிறிது தடுக்கிற்றே தவிர, பெரும்பாலும் தெளிவாகவே வந்தது. அவள் பேசியதும் சுத்தமாகக் கேட்டது. கேட்காமல் எப்படி இருக்கும், அது அவளுடைய போனுக்குள்ளேயே திரும்பிக் காதுக்கு வருவதல்லவா? இருந்தும் எதிர்முனையிலிருந்து, என்ன சொன்னீர்கள், என்ன சொன்னீர்கள் என்ற கேள்வி ஓயவில்லை. அவள் ஒவ்வொரு முறையும், சற்றும் சலிப்புக் காட்டாமல், முதலில் சொன்ன அதே நிதானத்தோடு திரும்பத் திரும்பச் சொன்னாள். குறை அவள் வாயிலும் இல்லை, போனிலும் இல்லை. போனை விட்டுக் குரல் வெளியேறிய பிற்பாடு எங்கேயோ இருக்கிறது என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே எனக்கு நிச்சயமாகிவிட்டது.

எல்லா வரிசைகளின் நெட்வொர்க் கம்பிகளும் வந்து சேருகிற, நடு அறையிலிருந்த பெரிய சுவிட்சில், அந்த வரிசையின் போக்குவரத்தை அப்படியே நகலெடுத்து ஒரு மடிக்கணினிக்குத் திருப்பிவிட்டோம். அப்போது அதற்கு ஈதரியல் என்ற நிரல் இருந்தது. ஜெரால்டு கோம்ப்ஸ் 1998-இல் வெளியிட்டது, 2006-இல் வயர்ஷார்க் என்று பெயர் மாறிற்று. அதில் அவளுடைய பேச்சின் பாக்கெட்டுகளை வரிசை எண்ணோடு பார்த்தோம். நூற்றுப்பதினொன்று, பன்னிரண்டு, அப்புறம் பதினைந்து. நடுவே இரண்டு இல்லை. இன்னும் கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போய், மறுபடியும் மூன்று இல்லை. கட்டடத்தை விட்டு வெளியே போவதற்கு முன்னாலேயே, அவள் இருக்கைக்கும் நடு அறைக்கும் இடைப்பட்ட சில கஜ தூரத்துக்குள், அவளுடைய பேச்சு காணாமற்போய்க்கொண்டிருந்தது.

காரணம் மறைவானதல்ல. கடைசி வரிசைக்கென்று வைத்திருந்த சிறிய சுவிட்ச் ஒன்று சில மாதங்களுக்கு முன் பழுதாகி, புதிது வைக்கப்பட்டிருந்தது. நடு அறைச் சுவிட்சில், அதிலிருந்து வரும் கம்பிக்கான துளை, இரு திசையிலும் ஒரே சமயத்தில் பேசலாம் என்று கையால் நிர்ணயம் செய்து வைக்கப்பட்டிருந்தது. புதிதாக வந்த சுவிட்சோ, எதிரிலிருப்பதோடு கலந்து பேசித் தானே முடிவுசெய்துகொள்ளும் சுபாவத்தில் இருந்தது. எதிரிலிருந்து பதில் வராவிட்டால், ஒரு சமயத்தில் ஒரு திசையில்தான் பேச வேண்டும் என்று கொள்ளுவது ஃபாஸ்ட் ஈதர்நெட் விதி. ஆகவே ஒரு முனை எப்போதும் பேசலாம் என்றும், மறுமுனை எதிராளி ஓய்ந்தால்தான் பேசலாம் என்றும் எண்ணிக்கொண்டிருந்தன. போக்குவரத்துக் குறைந்த நேரத்தில் இதனால் ஒன்றும் கெடுவதில்லை. சின்னஞ்சிறு பிங் ஒழுங்காகப் போய் வரும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நடுப்பகலாகி, நமக்கு இரவு பத்தரை ஆனதும், அத்தனை இருக்கைகளிலும் வாடிக்கையாளர் கணக்குத் திரைகள் திறந்து தகவல் வெள்ளமாக உள்ளே வரும்போது, வெளியே புறப்படுகிற பேச்சு அதோடு மோதி அறுபடும். எம்.ஆர்.டி.ஜி. காட்டியது ஐந்து நிமிஷத்துச் சராசரி. வருஷத்து மொத்த மழைக் கணக்கு, பயிர் கருகிய வாரத்தைக் காட்டாதது போல, அந்தச் சராசரியும் ஒரு வினாடியில் போன சொல்லைக் காட்டாது.

இதில் என் மனத்தை இன்றளவும் உறுத்துவது வேறொன்று. பாக்கெட் காணாமற்போனால், வாங்குகிற இயந்திரம் அந்த இடத்தைச் சூனியமாக விடுவதில்லை. முந்தைய துண்டின் சாயலைக் கொண்டே இட்டு நிரப்பிவிடும். கேட்பவர் காதுக்குக் கரகரப்பும் வெட்டும் இராது. அசைகள் ஒன்றோடொன்று குழைந்து, பேசுகிறவரே வார்த்தையை விழுங்கிவிட்டதாகத் தோன்றும். உரையாடல்களைப் பதிவுசெய்கிற இயந்திரமும் நடு அறையில், அந்தப் பழுதான கம்பிக்கு இப்பால்தான் இருந்தது. ஆகையால், மதிப்பெண் போட்டவர்கள் பொய் எழுதவில்லை. தாங்கள் கேட்டதைத்தான் எழுதினார்கள். கம்பியின் குற்றம் மனுஷியின் குற்றமாகக் காதில் விழுந்தது.

பெரியவர் அன்றிரவே அதைத் திருத்திவிடவில்லை. முதலில் சுவிட்சின் பிழைக் கணக்கைப் பூஜ்யமாக்கச் சொன்னார். மணிக்கு ஒரு தரம், கடைசி வரிசைத் துளையையும் அதற்குப் பக்கத்துத் துளைகளையும் படித்து ஒரு தாளில் எழுதச் சொன்னார். பக்கத்துத் துளைகளில் பூஜ்யம், பூஜ்யம் என்றே வர, இதில் மட்டும் நேரத்துக்கு நேரம் ஏறிக்கொண்டே போயிற்று. பொழுது விடிந்தபின், ஒரே ஒரு வரிக் கட்டளையால் இரு முனைகளையும் ஒத்துப்போகச் செய்தோம். மறுநாள் இரவும் அதே மாதிரி மணிக்கு மணி எழுதினோம், எல்லாம் பூஜ்யம். அந்த இரண்டு தாள்களையும் ஒன்றாய்க் குத்தி எடுத்துக்கொண்டு, பெரியவர் மேலதிகாரியின் அறைக்குப் போனார். அந்த அதிகாரி நியாயஸ்தர். தாள்களை இருமுறை படித்துவிட்டு, அந்த வரிசைக்காரர்களின் அத்தனை மாத மதிப்பீட்டையும் ரத்துசெய்து, நிறுத்திய தொகையையும் கொடுக்கச் சொன்னார். ராஜினாமா செய்துவிட்டுப் போன இருவருக்கு மட்டும் யாரும் எழுதிச் சொன்னதாகத் தெரியவில்லை. அவர்கள் இன்றைக்கும், தங்களுக்கு ஆங்கிலம் சரியாகப் பேச வரவில்லை என்றே எங்கேனும் நினைத்துக்கொண்டிருக்கக் கூடும்.

அதன்பின் வேறொரு பெரிய நிறுவனத்துக்குப் போய், இன்னும் பெரிய பழுதுகளையெல்லாம் பார்த்துவிட்டேன். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்ஸாண்டிரியாவுக்கு அருகில் கடலடிக் கேபிள்கள் அறுந்து, மேற்கே போகும் வழி குறுகிப்போன நாளில், டிரேஸ்ரூட்டை ஓட்டினால், அதுவரை ஐரோப்பா வழியாகப் போய்க்கொண்டிருந்த பாதை, சிங்கப்பூரையும் பசிபிக்கையும் சுற்றிக்கொண்டு போவது வரிக்கு வரி திரையில் இறங்கிற்று. அதைப் பார்க்க அறை முழுவதும் கூடி நின்றது. அப்பேர்ப்பட்ட பழுதில் யாரும் யாரையும் குறை சொல்லுவதில்லை. பத்திரிகையில் செய்தி வருகிறது, வாடிக்கையாளரும் பொறுத்துக்கொள்ளுகிறார். மனிதரைப் பொசுக்குவதெல்லாம், ஒருவருக்கும் தெரியாமல் ஒரு வரிசையை மட்டும் தின்னுகிற சின்னப் பழுதுகள்தாம்.

இப்போது அந்த மாதிரி ஃப்ளோர்கள் குறைந்துவருகின்றன. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில், வீட்டிலிருந்து இவ்வேலையைச் செய்வதற்கான விதிகள் தளர்த்தப்பட்டதிலிருந்து, விருத்தாசலத்துப் பெண் விருத்தாசலத்திலிருந்தே, தன் வீட்டுக் கூடத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, அதே வேலையைச் செய்ய முடிகிறது. சுமோவும் இல்லை, விடுதிச் சாப்பாடும் இல்லை. தாயார் பக்கத்திலேயே இருக்கிறாள். இது பெரிய நன்மை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கருவிகளும் எவ்வளவோ வளர்ந்துவிட்டன; ஒவ்வோர் அழைப்புக்கும் 1 முதல் 5 வரை தர எண்ணைத் தாமே கணக்கிட்டுக் காட்டுகின்றன. ஆனால், அந்தக் கூடத்து வைஃபை பெட்டி எந்த அறையில் இருக்கிறது, நடுவில் எத்தனை சுவர், பக்கத்து வீட்டுப் பெட்டியும் அதே அலைவரிசையில்தான் ஓடுகிறதா என்பதையெல்லாம் பார்ப்பதற்கு, ஒய் கார்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருவாரில்லை. மதிப்பெண் போடுகிற வேலையையும் இப்போது பல இடங்களில் இயந்திரமே செய்கிறது. அது குழைந்த அசையைக் கேட்டால், தயக்கமே இல்லாமல் குறைத்துவிடும்.

இத்தொழிலில் இன்று பொறுப்பிலிருப்பவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. பேச்சுத் தெளிவில்லை என்று ஒருவருக்கு மதிப்பெண்ணைக் குறைப்பதற்கு முன்னால், அந்த அழைப்பு நடந்த அதே நேரத்தில் அவருடைய லைனில் எத்தனை பாக்கெட் தவறியது என்ற கணக்கை எடுத்து, அந்த மதிப்பீட்டுத் தாளிலேயே ஒரு கட்டத்தில் எழுதிவையுங்கள். கணக்கு உங்கள் இயந்திரங்களில் ஏற்கெனவே இருக்கிறது. எடுத்து எழுத ஒரு நிமிஷம்கூட ஆகாது.